இறக்கையில நம்பர் போட்ட பறவை

வாரத்துல அஞ்சு நாள் பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமை ஆனா கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டு கிளம்புற கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். கலிஃபோர்னியாவுல இருக்கிற இந்தக் கூட்டத்துக்குன்னே ஒரு ரோடு இருக்கு. ஹைவே 1. ஒரு பக்கம் சாண்டா லூசியா மலை, இன்னொரு பக்கம் பசிபிக் கடல், நடுவுல ரெண்டே லேன். மாண்டரே, கார்மெல் எல்லாம் தாண்டி பிக் சர் பகுதிக்குள்ள நுழைஞ்சிட்டா செல்ஃபோன் டவர் போயிடும். ஆபீஸ்லேர்ந்து யாரும் கூப்பிட முடியாது. அதுக்காகவே போகலாம் :-)

1932ல கட்டின பிக்ஸ்பி பாலத்தை எல்லாரும் எடுக்கிற அதே கோணத்துல நாங்களும் எடுத்துட்டு, இன்னும் தெற்கே போய் ஒரு வளைவுல காரை ஓரங்கட்டினோம். கீழே பாறையில அலை வந்து மோதுறதை மெதுவான ஷட்டர்ல எடுக்கணும்னு ட்ரைபாடை நிறுத்திக்கிட்டு இருந்தேன். அப்ப தலைக்கு மேல ஒரு நிழல் போச்சு. நிழல்னா சும்மா இல்லைங்க, ஒரு செகண்ட் வெயில் மறைஞ்ச மாதிரி. நிமிர்ந்து பார்த்தா மலைப்பக்கமிருந்து ஒண்ணு கடலைப் பார்த்துப் போகுது.

"மச்சி, வெறும் டர்க்கி வல்ச்சர்டா" என்றான் கூட வந்த நண்பன். அந்த ரோட்டுல டர்க்கி வல்ச்சர் ஏகப்பட்டது உண்டு. ஆனா அது றெக்கையை லேசா வி வடிவத்துல தூக்கி வெச்சுக்கிட்டு, காத்துல ஆடி ஆடித்தான் பறக்கும். இது ஆடவே இல்லை. பலகையை மிதக்க விட்ட மாதிரி நேரா வந்தது. றெக்கைக்கு அடியில முக்கோணமா வெள்ளை. தலையில முடி கிடையாது, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த மொட்டை. இறகு நுனியெல்லாம் விரல் விரலா விரிஞ்சிருந்தது. பக்கத்துல வந்தப்ப அந்த இறகுக்கு நடுவுல காத்து கிழியிற சத்தம் கேட்டது. றெக்கை மேல, கார் நம்பர் பிளேட் மாதிரி, ஒரு அட்டையில ரெண்டு இலக்க எண்!

அதே வளைவுல டெலஸ்கோப்பை நிறுத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார், அது கலிஃபோர்னியா காண்டர்னு. நம்பரை நோட்டுல குறிச்சுக்கிட்டார். இங்க பறக்கிற காண்டர் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டாம். அந்த நம்பரை வெச்சுத் தேடினா அது எந்த வருஷம் பிறந்தது, அப்பா யாரு அம்மா யாரு, கூண்டுல பொரிச்சதா காட்டுல பொரிச்சதா, எல்லாமே வந்து விழும்னார்.

காட்டுல திரியிற ஒரு பறவைக்கு ஏன் ரேஷன் கார்டு மாதிரி ஒரு நம்பர்? அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை. வாங்க, கொசுவத்தி சுத்தலாம்.

ரொம்பப் பின்னாடி போனா, காண்டர் வட அமெரிக்கா முழுக்கவே இருந்திருக்கு. ஃப்ளோரிடாவுலயும் நியூயார்க்குலயும் கூட எலும்பு கிடைச்சிருக்கு. மாமூத், ராட்சச ஸ்லாத் மாதிரி பெரிய மிருகங்க செத்தா தின்னுட்டு வாழ்ந்த பறவை. சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்த மிருகங்க எல்லாம் அழிஞ்சப்ப, உள்நாட்டுல இருந்த காண்டர்களும் காணாமப் போச்சு. மேற்குக் கடற்கரையில மட்டும் தப்பிச்சது. காரணம் சிம்பிள். அங்க திமிங்கலமும் கடல் சிங்கமும் செத்து கரை ஒதுங்கிக்கிட்டே இருந்தது. 1602ல ஸ்பெயின்காரர் விஸ்கைனோவோட கப்பல்ல மாண்டரேக்கு வந்த ஒரு பாதிரியார், இங்க பார்த்த பெரிய பறவையைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். காண்டரைப் பத்தின முதல் எழுத்துக் குறிப்பா அதைத்தான் சொல்றாங்க. நான் ட்ரைபாட் வெச்ச இடத்துலேர்ந்து கொஞ்ச தூரத்துலதான் அந்த மாண்டரே விரிகுடா.

அப்புறம் நடந்தது எல்லா நாட்டுலயும் நடக்கிற கதைதான். சுட்டாங்க. ஓநாய்க்கும் கரடிக்கும் வெச்ச விஷத்தைத் தின்னு செத்தது. மியூசியத்துக்காகவும் சேகரிப்புக்காகவும் முட்டையை எடுத்துட்டுப் போனாங்க. ஒரு ஜோடி போடுறது ஒரே ஒரு முட்டை. அதுவும் குஞ்சு வளர்ந்து ஆளாகிற வரைக்கும் கூடவே இருக்கிறதால, பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அந்தக் குஞ்சு பெரிசாகி முட்டை போட இன்னும் ஆறேழு வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்க, வருஷத்துக்கு நாலு பறவை கூடுதலா செத்தாலே வண்டி ஓடாது.

கார்ல் கோஃபோர்டுனு ஒரு ஆராய்ச்சியாளர். 1939லேர்ந்து பல வருஷம் மலையிலயே கிடந்து இந்தப் பறவையைப் பார்த்தவர். 1953ல வந்த அவரோட புத்தகத்துல சுமார் 60 பறவை மிச்சம்னு மதிப்பிட்டார். (நிஜத்துல அதைவிட நிறைய இருந்திருக்கணும்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க.) அவர் சொன்ன மருந்து ஒண்ணே ஒண்ணு: தொந்தரவு பண்ணாதீங்க, தனியா விடுங்க. அடுத்த முப்பது வருஷம் அமெரிக்கா கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சது. 1947லயே சரணாலயம் வந்தாச்சு, 1967ல அழிவாபத்துப் பட்டியல்லயும் சேர்த்தாச்சு. இடத்தைக் காப்பாத்தினாங்க, வேலி போட்டாங்க. பறவை குறைஞ்சுக்கிட்டேதான் இருந்தது.

சரி, இனிமே கையில தூக்கித்தான் ஆகணும்னு 1980ல ஒரு குழு இறங்கினது. மத்திய அரசோட வனவிலங்குத் துறை சார்பா நோயல் ஸ்னைடர், ஆடுபான் சொசைட்டி சார்பா ஜான் ஆக்டன். இறங்கின வேகத்துலயே முதல் அடி. அந்த வருஷம் ஜூன் கடைசியில, கூட்டுல இருந்த ஒரு குஞ்சை எடை பார்க்க எடுத்தப்ப, அது பயத்துலயும் அதிர்ச்சியிலயும் கையிலயே செத்துப்போச்சு. இருக்கிறதே ரெண்டு டஜன் சொச்சம், அதுல ஒரு குஞ்சு. கலிஃபோர்னியா மாநில அரசு குடுத்த அனுமதியை உடனே வாபஸ் வாங்கிடுச்சு.

இங்கதான் பெரிய சண்டை ஆரம்பிக்குது. ஒரு பக்கம் ஸ்னைடர் கோஷ்டி: பிடிக்கணும், ரேடியோ மாட்டணும், கொஞ்சத்தைக் கூண்டுல வெச்சு இனப்பெருக்கம் பண்ணணும். எதிர்ப்பக்கம் டேவிட் பிரோவர். சாதாரண ஆள் இல்லை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் இயக்கத்துக்கே பெரியப்பா மாதிரி. அவர் தரப்பு வாதம், காண்டர்ங்கிறது இறகும் எலும்பும் மட்டும் இல்லை, அது பறக்கிற மலையும் வானமும் சேர்ந்ததுதான் காண்டர். கூண்டுல வெச்சா உயிர் இருக்கும், காண்டர் இருக்காது. அழியத்தான் போகுதுன்னா கௌரவமா அழியட்டும். 1981ல அவரோட அமைப்பு இதுக்குன்னே ஒரு புத்தகமும் போட்டது.

படிக்கிறப்ப எனக்கு பிரோவர் பக்கம்தான் மனசு சாஞ்சது, அதைச் சொல்லிடுறேன். மிருகக்காட்சிசாலையில மண்ணு அப்பின சிங்கத்தைப் பார்த்தவங்க யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அடுத்த அஞ்சு வருஷத்து நடப்பைப் படிச்சா அந்த வாதம் நிக்க மாட்டேங்குது.

1982ல எண்ணிக்கை 22. அந்த எண்ணிக்கையை எப்படி எடுத்தாங்கன்றது நம்மள மாதிரி கேமரா கிறுக்குகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதுவரைக்கும் மலைக்கு மலை ஆள நிறுத்தி எண்ணுவாங்க. ஒரு பறவை ஒரே நாள்ல நூறு மைல் பறக்கும்ங்கிறதால ஒண்ணையே நாலு பேர் எண்ணிடுவாங்க. ஸ்னைடரும் எரிக் ஜான்சன்னு ஒரு பேராசிரியரும் சேர்ந்து என்ன பண்ணாங்கன்னா, பறக்கிற காண்டரைக் கீழேயிருந்து எடுத்த ஃபோட்டோ எல்லாத்தையும் சேர்த்தாங்க. எந்த இறகு உதிர்ந்திருக்கு, எது பாதி முளைச்சிருக்கு, எது உடைஞ்சிருக்குன்றது ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு மாதிரி. நம்ம கைரேகை மாதிரி. தேதி வாரியா ஃபோட்டோவை அடுக்கினா ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளா தெரிஞ்சிடும். கம்ப்யூட்டர் கிடையாது, டிஜிட்டல் கிடையாது, ஃபிலிமும் லென்ஸும் பொறுமையும்தான். முதல் தடவையா எண்ணிக்கை மேல யாரும் சண்டை போட முடியாம போச்சு.

அதே 1982ல இன்னொரு கூத்து. மறைஞ்சிருந்து ஒரு கூட்டைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. புருஷனுக்கும் பொஞ்சாதிக்கும் சண்டை. யார் அடைகாக்கிறதுன்னு. தள்ளுமுள்ளுல முட்டை உருண்டு பாறை விளிம்புலேர்ந்து கீழே விழுந்து உடைஞ்சது. பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு நெஞ்சே நின்னிருக்கும். ஆனா சுமார் நாப்பது நாள் கழிச்சு அதே ஜோடி இன்னொரு முட்டை போட்டது! முட்டை போனா மறுமுட்டை போடும்னு அப்பத்தான் நேர்ல பார்த்து உறுதியாச்சு. அந்த ஒரு குடும்பச் சண்டைதான் திட்டத்தோட தலையெழுத்தை மாத்தினது. முதல் முட்டையை எடுத்துட்டுப் போய் இன்குபேட்டர்ல வெச்சா ஜோடி அடுத்ததைப் போடும். 1983 மார்ச்சுல சான் டியாகோ மிருகக்காட்சிசாலையில முதல் குஞ்சு பொரிச்சது. காண்டர் தலை மாதிரி ஒரு பொம்மையைக் கையில மாட்டிக்கிட்டு ஊட்டினாங்க, மனுஷ முகம் பழகிடக் கூடாதுன்னு.

இப்படி முட்டையை எடுத்துக்கிட்டே, பெரிய பறவைகளை வெளியவே விட்டு வெச்சா ரெண்டும் நடக்கும்னு நினைச்சாங்க. நல்ல திட்டம்தான். 1984-85 குளிர்காலம் அதுல மண்ணை அள்ளிப் போட்டது. வெளியே இருந்த 15ல 6 அந்த ஒரே குளிர்காலத்துல காணோம். அஞ்சு ஜோடியில நாலு ஜோடி உடைஞ்சு போச்சு. மிச்சம் ஒரே ஒரு ஜோடி.

எல்லாத்தையும் பிடிச்சிடலாம்னு 1985 கடைசியில வனவிலங்குத் துறை முடிவெடுத்தது. அதுவரைக்கும் கூட்டாளியா இருந்த ஆடுபான் சொசைட்டியே கோர்ட்டுக்குப் போச்சு. வெளியே ஒண்ணுமே இல்லைன்னா அந்த நிலத்தைக் காப்பாத்த ஒருத்தனும் காசு குடுக்க மாட்டான், பறவை திரும்பி வர்றதுக்கு இடமே இருக்காதுன்றது அவங்க கவலை. நியாயமான கவலை. கோர்ட்ல கேஸ் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே, 1986 ஜனவரியில, கடைசி ஜோடியோட பெண் பறவை செத்தது. பேரு ஏசி-3. ஏசின்னா அடல்ட் காண்டர். சாவுக்குக் காரணம் ஈயம். வேடன் சுட்ட மிருகத்தோட உடம்புல சிதறிக் கிடந்த ஈயத்துண்டு இரைப்பைக்குள்ள போயிருக்கு. ஈயம் ஏறினா காண்டருக்கு செரிமானப் பாதையே செயலிழந்துடும். கழுத்துப்பையில தீனி அப்படியே நிக்கும், கீழே இறங்காது. வயித்துல சோறு இருக்கிறப்பவே பட்டினியில சாகும்.

கௌரவமா அழியட்டும்னு சொன்ன வாதம் எனக்கு உடைஞ்சது இந்த இடத்துலதான். இதுல என்ன கௌரவம்? இடத்துக்கு வேலி போட்டாச்சு, ஆனா பறவையோட சாப்பாட்டுல விஷம். வேலியால அதைத் தடுக்க முடியாது.

கீழ்க் கோர்ட்ல ஆடுபான் ஜெயிச்சது. அதே வருஷம் மேல்முறையீட்டுல அது ரத்தாச்சு. வலை வீச ஆரம்பிச்சாங்க. கடைசியா மாட்டினது ஏசி-9, ஏழு வயசு ஆண். 1987 ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை. அன்னியோட வானத்துல காண்டர் பூஜ்யம். ரெண்டு மிருகக்காட்சிசாலையிலயும் சேர்த்து 27. உலகத்துல மொத்தமே அவ்வளவுதான்.

நம்ம பாஷையில சொன்னா, ஓடிக்கிட்டு இருக்கிற ப்ரொடக்‌ஷன் சர்வரை முழுசா அணைச்சிட்டாங்க. பேக்கப் வேலை செய்யுமான்னு யாருமே அதுவரைக்கும் பார்த்தது கிடையாது. கூண்டுல இருக்கிற ஜோடி முட்டை போடுமான்னே தெரியாது. வெளியிலேர்ந்து எடுத்த முட்டையைப் பொரிச்சது வேற, இது வேற. 1988 ஏப்ரல்லதான் கூண்டுலயே உருவான முதல் குஞ்சு வந்தது. அந்த ஒரு வருஷம் ஸ்னைடர் கோஷ்டி எப்படித் தூங்கினாங்களோ!

1992 ஜனவரியில ரெண்டு இளம் காண்டரைத் திரும்ப வெளியே விட்டாங்க, துணைக்கு ரெண்டு ஆண்டீஸ் காண்டரோட. அக்டோபருக்குள்ள ரெண்டுல ஒண்ணு செத்தது. கார்ல ஊத்துற ஆன்டிஃப்ரீஸைக் குடிச்சு. அடுத்ததா விட்டதுல சிலது கரண்டு கம்பியில மோதிச் செத்தது. அப்புறம் கூண்டுக்குள்ளயே போலியா ஒரு கரண்டு கம்பம் நட்டு, உட்கார்ந்தா லேசா ஷாக் அடிக்கிற மாதிரி வெச்சுப் பழக்கி விட்டாங்க. பொம்மை ஊட்டி வளர்ந்த பிள்ளைங்களுக்குப் பெரியவங்க கண்டிப்பே இல்லாம சேட்டை ஜாஸ்தியாகிடுச்சு, அதனால வளர்ந்த காண்டர்களோட சேர்த்து வளர்க்க ஆரம்பிச்சாங்க. சேட்டைன்னா லேசா நினைக்காதீங்க. 2021ல டெஹாச்சபிங்கிற ஊர்ல ஒரு அம்மா வீட்டு வெளித்தளத்துல பத்துப் பதினஞ்சு காண்டர் வந்து இறங்கி, பூந்தொட்டியை எல்லாம் கவுத்து, எச்சம் போட்டு நாஸ்தி பண்ணிட்டுப் போயிருக்கு. உலகத்துல இருக்கிறதே ஐந்நூத்துச் சொச்சம், அதுல பதினஞ்சு உங்க வீட்டு வாசல்ல. விரட்டவும் மனசு வராது, கழுவவும் முடியாது.

பிக் சர் பக்கம் 1997ல விட ஆரம்பிச்சாங்க. வென்டானா வைல்ட்லைஃப் சொசைட்டின்னு ஒரு சின்ன அமைப்பு. இங்கத்துப் பறவைங்க கொஞ்ச நாள்லயே, யாரும் சொல்லித் தராம, கடற்கரைக்கு இறங்கி கடல் சிங்கத்தையும் திமிங்கலத்தையும் தின்ன ஆரம்பிச்சது. அந்தப் பாதிரியார் காலத்துச் சாப்பாடு! ரெட்வுட் மரப்பொந்துல கூடு கட்டினது. ஆனா முட்டை ஓடு காகிதம் மாதிரி இருந்தது, பொரிக்கிறதுக்குள்ள உடைஞ்சது. காரணம் டிடிடி. அமெரிக்கா 1972லயே தடை பண்ணின மருந்து. லாஸ் ஏஞ்சலஸ் கடல்ல முன்னாடி கொட்டினது இன்னும் அடியிலயே கிடக்கு, மீன் வழியா கடல் சிங்கக் கொழுப்புக்கும் அங்கேர்ந்து காண்டருக்கும் வருது. 2020 ஆகஸ்ட்ல வந்த டோலன் காட்டுத்தீயில இந்தக் கூட்டத்துல பன்னிரண்டு போயிடுச்சு. ஒரு குஞ்சு மட்டும் மரப்பொந்துக்குள்ள இருந்து தப்பிச்சது, மரத்தைச் சுத்தித் தீ எரியிறது கூட்டுக் கேமராவுல நேரலையா ஓடினது.

இத்தனைக்கும் நடுவுல இன்னிக்கு மொத்தம் 500க்கு மேல. அதுல பாதிக்கும் மேல வெளியே. அந்த ஏசி-9 இருக்கே, அதை 2002ல, பிடிச்சு பதினஞ்சு வருஷம் கழிச்சு, இருபத்திரண்டு வயசுல திரும்ப அதோட பழைய மலையிலயே விட்டாங்க. அதுக்கு முன்னாடி 2000ல விட்ட பெண் பறவை ஏசி-8க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2003ல காட்டுப்பன்னி வேட்டைக்கு வந்த ஒருத்தர் சுட்டுட்டார்.

இதைப் படிக்கிறப்ப எனக்கு அடிக்கடி திருக்கழுக்குன்றம் ஞாபகம் வந்தது. உச்சி வேளையில ரெண்டு கழுகு மலைக்கு வந்து குருக்கள் கையால பொங்கல் சாப்பிட்டுப் போகும்னு கேட்டிருப்பீங்க. அது மஞ்சள் முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு இனம்தான். இருபது வருஷத்துக்கு மேலாச்சு, வர்றது இல்லை. நம்ம ஊர்ப் பாறுகள் 1990கள்ல கொத்துக் கொத்தா செத்தப்ப ஏன்னே தெரியலை. 2004லதான் மாட்டுக்குப் போடுற டைக்ளோஃபினாக் வலி மருந்துன்னு கண்டுபிடிச்சாங்க. மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பாறுக்கு சிறுநீரகம் போய்... இந்தியா 2006ல மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை பண்ணினது. ஹரியானாவுல பிஞ்சோர்ல கூண்டுல வளர்க்கிறாங்க. தமிழ்நாட்டுல முதுமலை, மோயாறு பக்கம்தான் சொல்லிக்கிற மாதிரி மிச்சம். இங்க ஈயம், அங்க மாத்திரை. ரெண்டு ஊர்லயும் நிலம் அப்படியே இருந்தது, பிணத்துலதான் விஷம்.

அந்த ஈயம் இன்னும் தீரலை. கலிஃபோர்னியாவுல காண்டர் இருக்கிற பகுதிகள்ல ஈயக் குண்டு கூடாதுன்னு 2007ல சட்டம், மாநிலம் முழுக்கக் கூடாதுன்னு 2013ல இன்னொரு சட்டம், அது முழுசா அமலுக்கு வந்தது 2019 ஜூலையில. இருந்தும் காட்டுல சாகிற காண்டர்களோட சாவுக்கு முதல் காரணம் இன்னிக்கும் ஈயம்தான். ஒரு மான் குடலை விட்டுட்டுப் போனா கூட்டமா வந்து தின்னும், ஒரே துப்பாக்கி ரவை அஞ்சாறு பறவைக்குப் பந்தி வெச்சுடும். அதனால நம்பர் அட்டை மட்டும் இல்லை, வெளியே பறக்கிறதையெல்லாம் அப்பப்ப வலையில பிடிச்சு ரத்தம் எடுத்துப் பார்க்கிறாங்க. ஈயம் ஏறியிருந்தா லாஸ் ஏஞ்சலஸ், ஓக்லாந்து மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டு போய் ஊசி போட்டு இறக்கி, திரும்ப மலையில விடுறாங்க. பல வருஷமா இதான் வேலை. பிரோவர் உயிரோட இருந்தா இதையெல்லாம் காட்டி, நான் சொன்னேன்ல என்பார். பதில் சொல்றது கஷ்டம்தான்.

வேட்டைக்காரங்க எல்லாம் வில்லனும் கிடையாதுங்க. வேட்டைக்காரன் விட்டுட்டுப் போற குடலும் காண்டருக்கு ஒரு முக்கியமான சாப்பாடு. வென்டானா அமைப்பு 2012லேர்ந்து அந்தப் பகுதி வேட்டைக்காரங்களுக்கும் பண்ணைக்காரங்களுக்கும் ஈயம் இல்லாத செப்புத் தோட்டாவை இலவசமாவே குடுக்கிறாங்க. பிரச்சினை என்னன்னா, பண்ணைக்காரன் வயல்ல அணிலைச் சுடுற சின்னத் துப்பாக்கி, பாயின்ட் 22. அதுக்கு ஈயம் இல்லாத தோட்டா கடையில சுலபமா கிடைக்கிறதே இல்லை.